ஸ்கிரிப்ட் பக்தர்களும் காணாமல் போன ஏழாவது டேக்கும்

பாட்டு பண்ணுகிறவர்கள் யாருடைய கம்ப்யூட்டரை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். 'பாட்டு ஃபைனல்', 'பாட்டு ஃபைனல் 2', 'பாட்டு ஃபைனல் உண்மையிலேயே', 'பாட்டு ஃபைனல் அண்ணன் கேட்டது', கடைசியாக 'புதுசு' என்று ஒன்று. இருப்பதிலேயே பழசு எது என்று பார்த்தால் அந்தப் 'புதுசு'தான். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி, யாரிடமோ போன பென் டிரைவில் மீதி. (பாதி, பாதி, அப்புறம் மீதியா என்று கேட்காதீர்கள். ஒரே ஃபைல் மூன்று இடத்தில் இருந்தால் கணக்கு இப்படித்தான் வரும்.)

இந்த அழகுக்கு இப்போது எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள். "ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டுடு மச்சி, தானா அடுக்கிடும்." இருபது வரி பைத்தான். வேவ் எல்லாம் ஒரு ஃபோல்டர், எம்பி3 எல்லாம் ஒரு ஃபோல்டர், மிடி எல்லாம் இன்னொன்று, அதற்குள் வருஷ வாரியாக, மாச வாரியாக உட்பிரிவு. இரட்டிப்பாக இருப்பதை அதுவே கண்டுபிடித்து அழித்தும் விடும். ஓட்டிப் பார்த்தால் பத்து விநாடியில் டெஸ்க்டாப் பளிச்சென்று ஆகிவிடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி. பார்க்கிறவர்கள் கை தட்டுகிறார்கள்.

கை தட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். குப்பையாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு பாட்டையும் கொன்றதில்லை. தேட வைக்கும், எரிச்சல் மூட்டும், ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைக்கும், அவ்வளவுதான். பாட்டைக் கொல்வது இந்த மருந்துதான்.

இப்படி ஒரு மாணவனை நினைத்துக் கொள்ளுங்கள். கல்லூரிக் குறும்படம் ஒன்றுக்குப் பாட்டு. கூடப் படிக்கிற பெண் பாடுகிறாள். செமினார் ஹாலில் ஃபேன்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கதவு இடுக்கில் போர்வையைச் சொருகி, ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு. பதினோரு டேக். முதல் ஆறும் ஏதோ பரீட்சை ஒப்பிப்பது போல இருக்கின்றன. நடுவில் டீ குடித்துவிட்டு வந்து பாடிய ஏழாவது டேக்கில் குரல் தானாக அவிழ்கிறது. அனுபல்லவி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு மூச்சு, அதற்கப்புறம் ஒரு இழுப்பு. அதைத் திரும்பப் பாடச் சொன்னால் அவளுக்கே வரவில்லை. எட்டிலிருந்து பதினொன்று வரை அதைத் தேடியதுதான் மிச்சம். செமஸ்டர் முடிந்து அவள் நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள். பையன் நிதானமாக மிக்ஸ் செய்யலாம் என்று இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, "முதலில் இடத்தைச் சுத்தம் பண்ணுவோம்" என்று அந்த இருபது வரியை ஓட்டுகிறான்.

திங்கட்கிழமை ப்ராஜெக்டைத் திறந்தால் ஃபைல்களைக் காணவில்லை என்கிறது மென்பொருள். சரி, எல்லாம் புது ஃபோல்டரில்தானே இருக்கிறது என்று அதைக் காட்டுகிறான். கிடைத்துவிட்டது! ப்ளே பட்டனை அழுத்துகிறான். ஏழாவது டேக் இருக்க வேண்டிய இடத்தில் போன வருஷப் பாட்டு ஒன்றின் பேஸ் கிடார் ஓடுகிறது.

என்ன நடந்தது? டிராக்குக்குப் பெயர் வைக்காமல் பதிவு செய்தால் மென்பொருளே ஒரு பெயர் போட்டுக் கொள்ளும். ப்ரோ டூல்ஸாக இருந்தால் 'ஆடியோ 1', அதில் எடுக்கிற டேக்குகள் 'ஆடியோ 1_01', 'ஆடியோ 1_02' என்று போகும். மற்றவையும் கொஞ்சம் முன்னே பின்னே இதே கதைதான். ஆகவே அந்தப் பையனின் மூன்று ப்ராஜெக்டுகளிலும் 'ஆடியோ 1_07' என்று ஆளுக்கொரு ஃபைல் இருந்தது. தனித்தனி ஃபோல்டரில் இருந்தவரை சண்டையில்லை. ஸ்கிரிப்ட் மூன்றையும் ஒரே அறைக்குள் தள்ளியது. பைத்தானில் இருக்கும் சாதாரண ரீநேம் கட்டளை, மேக்கிலும் லினக்ஸிலும், போகிற இடத்தில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். குப்பைத்தொட்டிக்கும் போகாது. விண்டோஸ் கொஞ்சம் நல்ல பிள்ளை, பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் பாதி வழியில் நிற்கும். பாதி ஃபைல் இங்கே, பாதி அங்கே. எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று அந்த இருபது வரியில் எங்காவது குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

"அது மோசமாக எழுதிய ஸ்கிரிப்ட், ஒழுங்காக எழுதினால் இப்படி ஆகாது" என்று பக்தர்கள் கிளம்புவார்கள். பெயர் மோதினால் பின்னால் ஒரு எண் சேர்க்கச் சொல்லலாம், உண்மைதான். அப்போதும் வியாதி போகாது, ஏனென்றால் அது பெயரில் மட்டும் இல்லை.

ப்ராஜெக்ட் ஃபைல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்குள் பாட்டு இருப்பதாகப் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒலி என்று ஒரு துளி கூட இருக்காது. அது ஒரு முகவரிப் புத்தகம். 'இந்த இடத்தில் இருக்கும் இந்த வேவ் ஃபைலை எடு, இத்தனையாவது விநாடியிலிருந்து இத்தனையாவது விநாடி வரை வாசி, அதன் மேல் இந்தப் பிளக்-இன்னைப் போடு' என்கிற குறிப்புகள். சந்தேகம் இருந்தால் ரீப்பர் ப்ராஜெக்ட் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். அத்தனையும் சாதாரண எழுத்துதான், ஒவ்வொரு ஃபைலின் பாதையும் கண்ணுக்குத் தெரியும். ஏபிள்டன் லைவின் ப்ராஜெக்டும் அப்படித்தான், சுருக்கி மூடிய எக்ஸ்எம்எல், பிரித்தால் படிக்கலாம். முகவரியில் குடியிருப்பவரைக் கிளப்பி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

கூட்டுக் குடும்பம் ஒன்றைப் பிரித்து, தாத்தாக்களை எல்லாம் ஒரு ஊரில், சித்திகளை எல்லாம் ஒரு ஊரில், குழந்தைகளைப் பிறந்த வருஷ வாரியாக மூன்று ஊர்களில் வைத்துவிட்டு, "பாருங்கள், என்ன ஒழுங்கு!" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வேவ் எல்லாம் ஒரு இடம், மிடி எல்லாம் ஒரு இடம் என்பது அந்த ஒழுங்குதான். இசையில் ஒரு ஃபைலுக்கு உறவு இன்னொரு வேவ் ஃபைலோடு இல்லை, அது இருக்கிற பாட்டோடு. ஆபீஸ் பில்லையும் போட்டோவையும் அடுக்க எழுதிய புத்தியை இங்கே கொண்டு வந்தால் இதுதான் நடக்கும்.

இரட்டிப்பை அழிக்கும் கருவிகள் இதற்கும் ஒரு படி மேலே. ஒரே கிக் டிரம் சாம்பிள் மூன்று ப்ராஜெக்ட் ஃபோல்டர்களில் இருக்கிறது. கருவி அதைக் கண்டுபிடித்து இரண்டைத் தூக்கிவிட்டு "இடம் மிச்சம்" என்று பெருமையாகச் சொல்கிறது. அந்த மூன்று காப்பிகளும் சோம்பேறித்தனத்தால் வந்தவை அல்ல, ஐயா. லைவில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' என்று ஒரு கட்டளையே வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு வேண்டியதை எல்லாம் அந்தப் பாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே காப்பி எடுத்து வைக்கத்தான். மிச்சமாவது எவ்வளவு? அரை விநாடி ஸ்டீரியோ கிக், 24 பிட்டில், சுமார் 130 கேபி. இரண்டு காப்பிக்குச் சுமார் 260 கேபி. அதற்காக இரண்டு பாட்டு ஊனம். முழுப் பாட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் ஒரு நிமிடம் சுமார் 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு, முப்பது டிராக் என்றால் மொத்தம் ஒரு ஜிபி. கல்யாண வீடியோ அதைவிடப் பெரிசு. இடம் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த கட்சி ஒன்று இருக்கிறது: "பெயரை விடுங்கள், இப்போது மெஷினே கேட்டுப் பிரிக்கிறது." இதில் பாதி நியாயம். எக்ஸ்எல்என் ஆடியோவின் எக்ஸ்ஓ (2019) டிரம் சாம்பிள்களைக் கேட்டு, ஒன்றுபோல ஒலிப்பவற்றைப் பக்கம் பக்கமாக ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டியது. ஏபிள்டன் லைவ் 12 (2024) "இதைப் போல இன்னொன்று காட்டு" என்றால் தேடித் தருகிறது. இரண்டும் நல்ல வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டுமே ஃபைலை இருந்த இடத்திலிருந்து அசைப்பதில்லை. மேலே ஒரு வரைபடம் போடுகின்றன, அவ்வளவுதான். வரைபடம் தப்பாக இருந்தாலும் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் செய்தது அது. ஸ்கிரிப்ட் பக்தர்களோ வரைபடம் சொன்னபடி ஊரையே பெயர்த்து வைக்கிறார்கள்.

வரைபடம் தப்பாகுமா என்றால், நன்றாகவே ஆகும். வேகத்தைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் 70ஐ 140 என்றும், 140ஐ 70 என்றும் சொல்வது பழைய வியாதி. சுருதி, ஸ்கேல் என்று வந்தால் பெரும்பாலானவற்றுக்குத் தெரிந்தது பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர், ஆக 24 பெட்டி. கர்நாடக சங்கீதம் கற்கிற குழந்தைக்கு முதல் பாடமே மாயாமாளவகௌளை. 15ஆவது மேளகர்த்தா. அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. மெஷின் என்ன செய்யும்? எதிலாவது ஒன்றில் திணிக்கும். திணித்துவிட்டு அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளினால், ஆறு மாசம் கழித்துத் தேடுகிறவர் எந்தப் பெட்டியைத் திறப்பார்?

இந்தப் பெட்டி போடும் வியாதி ஏஐ காலத்தில் வந்ததல்ல. 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலைப் பாருங்கள். 128 வாத்தியம், 16 குழு, குழுவுக்கு எட்டு. இதில் வயலின் 41ஆம் எண், தந்தி வாத்தியக் குழுவுக்கு அருகே கௌரவமாக, அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபிடில் 111ஆம் எண், 'எத்னிக்' என்ற குழுவில். வயலினும் ஃபிடிலும் ஒரே வாத்தியம் ஐயா! கச்சேரி மேடையில் வாசித்தால் தந்தி வாத்தியம், கிராமத்துக் கொட்டகையில் வாசித்தால் எத்னிக். ஓபோ நாணல் வாத்தியக் குழுவில். அதே போல நாணலை வாயில் வைத்து ஊதும் ஷெனாய் 112ஆம் எண்ணில், மறுபடியும் எத்னிக். சித்தாரும் அங்கேதான். யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தது, இத்தனை வருஷம் கழித்தும் கீபோர்டுகளில் எண் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் சாம்பிள் பேக் வாங்கினால் தவிலும் தபலாவும் 'வேர்ல்ட்', 'எத்னிக்' என்ற ஃபோல்டரில்தான் வருகின்றன. மதுரையில் உட்கார்ந்து பாட்டு பண்ணுகிறவன் தவிலைத் தேட 'எத்னிக்'குக்குள் போக வேண்டும். இதைத் தானியங்கியாக வேறு செய்து தருகிறார்களாம்.

அப்படியானால் ஆட்டோமேஷனே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதை வைக்கிற இடம் வேறு. இவர்கள் ஆட்டோமேஷனை வேலையின் கடைசியில் வைக்கிறார்கள், கல்யாணம் முடிந்தபின் மண்டபம் கூட்டுகிற ஆள் மாதிரி. 'ஆடியோ 1_07' என்ற ஃபைலில் இருப்பது யார் குரல், எந்தப் பாட்டு, ஏன் இந்த டேக் மற்ற பத்தைவிட நல்லது என்பதெல்லாம் பதிவு செய்த அந்த அரை மணி நேரத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதி வைக்கவில்லை என்றால், அப்புறம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஸ்கிரிப்ட் வந்தாலும் எங்கிருந்து கொண்டு வரும்?

டேப் காலத்து ஸ்டூடியோக்களில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. டேப் பெட்டியின் மேல் எழுதாவிட்டால் உள்ளே என்ன என்று தெரியவே வழி கிடையாது, ஓட்டிக் கேட்டால் ஒழிய. அதனால் உதவியாளர் ஒருவர் எந்த டிராக்கில் எது என்று தாளில் எழுதிக் கொண்டே இருப்பார். அவர்கள் ஒழுக்க சீலர்கள் என்பதல்ல காரணம், வேறு வழியில்லை. இப்போது எழுதாமலும் தப்பிக்கலாம் என்று ஆகிவிட்டது. எழுதாமல் விடுகிறோம்.

பெயரை முதலிலேயே வைத்துவிட்டால் மென்பொருளே மீதியைச் செய்யும் என்பதுதான் வேடிக்கை. ரெக்கார்ட் பட்டனை அழுத்துமுன் டிராக்குக்கு 'குரல்-பல்லவி' என்று பெயர் கொடுங்கள். பதிவாகும் ஒவ்வொரு ஃபைலும் 'குரல்-பல்லவி_01', 'குரல்-பல்லவி_02' என்று தானாக வரும். இதுவும் ஆட்டோமேஷன்தானே! பாட்டுக்கொரு ஃபோல்டர், அதற்குள் தேவையான டிராக்குகள், பெயர்கள், வழித்தடங்கள் எல்லாம் போட்ட ஒரு டெம்ப்ளேட்டை ஒரு முறை செய்து வைத்தால் ஒவ்வொரு முறையும் நாலு விநாடியில் புது ப்ராஜெக்ட் தயார். ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கவும் இடம் இருக்கிறது. 1997இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தில் விவரத்துக்கென்று 256 எழுத்து, பதிவு செய்த தேதி, நேரம், ஃபைல் காலக்கோட்டில் எங்கே உட்கார வேண்டும் என்ற முத்திரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பெயர் மாறினாலும் ஃபோல்டர் மாறினாலும் உள்ளே எழுதியது கூடவே போகும். எத்தனை பேர் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வரி எழுதுகிறார்கள்?

சினிமா சவுண்ட் எஃபெக்ட்ஸ் ஆட்கள் இதில் புத்திசாலிகள். ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்துத் தவித்தவர்கள், 2020இல் யுனிவர்சல் கேட்டகரி சிஸ்டம் என்று ஒரு பொது முறையை இலவசமாகவே வெளியிட்டார்கள். 80க்கும் மேற்பட்ட பெரும் பிரிவுகள், 700க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள். ஃபைல் பெயரின் முதல் துண்டே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடும், தேடும் மென்பொருள்கள் அதைப் படித்து அடுக்கிக் கொள்ளும். அடுக்குவது மெஷின், 'இது மரக்கதவு, இரும்புக்கதவு இல்லை' என்று முடிவு செய்வது காது. வேலையைப் பிரித்த விதம் எவ்வளவு சரி பாருங்கள்.

மெஷினிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காப்பி எடுப்பது. அதை மட்டும் ஏனோ யாரும் ஸ்கிரிப்ட் போட்டுச் செய்வதில்லை, பார்க்க அழகாக இருக்காது அல்லவா! கிளவுடில் சிங்க் ஆகிறது, அது போதும் என்று நினைப்பு. சிங்க் என்பது கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருப்பார்கள், அதற்குள் கவனித்தால் உண்டு. எடுத்த காப்பி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1998இல் பிக்ஸாரில் டாய் ஸ்டோரி 2 வேலை நடந்து கொண்டிருந்தபோது, ஒரு அழிப்புக் கட்டளை தப்பான இடத்தில் ஓடிப் படத்தின் பெரும்பகுதியைத் தூக்கிவிட்டது. பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி இருந்ததால் படம் பிழைத்தது. அத்தனை பெரிய இடத்திலேயே அப்படி. செமினார் ஹாலில் போர்வை சொருகிப் பதிவு செய்தவனுக்கு எந்த வீட்டில் இன்னொரு காப்பி இருக்கப் போகிறது?

அந்த ஏழாவது டேக்குக்கு இரண்டே வாய்ப்புதான் இருந்தது. எடுத்த அன்றைக்கே இன்னொரு டிஸ்கில் ஒரு காப்பி. இல்லையென்றால், பாடியவளின் போனுக்கு ஒரு எம்பி3 அனுப்பி வைத்திருக்க வேண்டும். அவள் கேட்டாள். "மிக்ஸ் முடிச்சுட்டுத் தரேன்" என்றான்.

பி.கு.: ஏற்கெனவே குப்பையாகக் கிடக்கும் பழைய ப்ராஜெக்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. ஒரு ஃபைலையும் நகர்த்தாதீர்கள். மொத்த டிஸ்கையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ப்ராஜெக்டாகத் திறந்து, அதன் மென்பொருளுக்குள்ளிருந்தே 'எல்லாவற்றையும் சேர்த்துச் சேமி' வகைக் கட்டளையைக் கொடுங்கள். கடைசியாக ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்து முடிவு வரை தனித்தனி வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பிளக்-இன் செத்துப் போனாலும், மென்பொருளே மாறிப் போனாலும், எல்லா ஃபைலையும் ஒரே இடத்தில் ஆரம்பித்து வைத்தால் பாட்டு திரும்ப வந்துவிடும். ஒரு ராத்திரிக்கு மூன்று ப்ராஜெக்ட் முடியும். நடுவில் பழைய பாட்டைக் கேட்டுக் கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஒன்றுதான் முடியும்.